டோட்ல 55, புக்கிகிட்ட 150: ஒரே குதிரைக்கு ஏன் ரெண்டு காசு?

கேள்வி: குதிரை ரேஸ்ல டோட் (ரேஸ் கிளப்பே நடத்துற பெட்டிங் கவுன்டர்) டிக்கெட்டுக்கு ஒரு தொகை வருது, புக்மேக்கர் (புக்கி) போர்டுல போட்டிருந்த ஆட்ஸ் (லாப விகிதம்) படி கணக்கு பண்ணா வேற தொகை வருது. ஒரே ரேஸ், ஒரே குதிரை. டோட்ல ஏதாவது தில்லுமுல்லு பண்றாங்களா?

தில்லுமுல்லு எல்லாம் இல்லைங்க. ரெண்டும் வேற வேற வியாபாரம், ஒரே மைதானத்துல பக்கத்து பக்கத்துல நடக்கறதால நமக்கு ஒண்ணு மாதிரி தெரியுது. நான் புதுச்சேரி, முத்தியால்பேட்டை, எங்க ஊர்ல ரேஸ் கோர்ஸே கிடையாது, ஆனா எங்க வீட்டுல சொல்தா (பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர்) மாமா ஒருத்தர் இருக்கார், பாரிஸ் பக்கத்துல செட்டில் ஆனவர், அவர் புண்ணியத்துல இந்த கணக்கு எனக்கு சின்ன வயசுலயே மனப்பாடம்.

புக்மேக்கர்னா, அவர் ஒரு விலை சொல்றார், 14/1ன்னு (1 ரூபாய்க்கு 14 ரூபா லாபம்) வைங்க, நீங்க சரின்னு 10 ரூபா கட்டிட்டீங்க. அந்த நிமிஷமே விலை பேசி முடிஞ்சாச்சு. அதுக்கப்புறம் ஊரே வந்து அந்த குதிரை மேல கட்டி போர்டுல 4/1 ஆனாலும் உங்க சீட்டுல இருக்கறது 14/1 தான். குதிரை ஜெயிச்சா 140 லாபம், உங்க 10 திரும்ப, மொத்தம் 150. அந்த காசு அவர் பாக்கெட்ல இருந்து வருது, அதனால நீங்க எந்த குதிரைல கட்டுறீங்கங்கறது அவருக்கு தலைவலி.

டோட்ல எதிர்ல யாருமே இல்ல. எல்லாரும் கட்டுன காசு ஒரு பூல்ல விழுது, கிளப் அதுல வரியும் தன்னோட பங்கையும் எடுத்துக்குது, மிச்சத்தை ஜெயிச்ச குதிரை மேல கட்டினவங்களுக்குள்ள பங்கு போட்டு கொடுத்துடுது. ஏலச்சீட்டு பிடிக்கிறவர் மாதிரி, யார் எடுத்தாலும் அவர் கமிஷன் அவருக்கு. அதாவது நீங்க கிளப்போட மோதல, பக்கத்துல நிக்கிற ஆளோட மோதுறீங்க. அதை விட முக்கியம், டிக்கெட் வாங்கும்போது உங்க விலை என்னன்னு உங்களுக்கும் தெரியாது, கிளப்புக்கும் தெரியாது. கவுன்டர் மேல டிவில ஓடுற நம்பர் இப்போதைய நிலவரம், அவ்ளோதான், கேட் திறந்து பெட்டிங் மூடுற வரைக்கும் அது மாறிட்டேதான் இருக்கும்.

இதை நம்பர் போட்டு பார்த்தாதான் உறைக்கும். ஆறு குதிரை ஓடுற ஒரு ரேஸ், வின் பூல்ல மொத்தம் 1,00,000 ரூபா விழுந்திருக்கு. ஃபேவரிட் (ஜெயிக்கும்னு நிறைய பேர் நம்புற குதிரை) மேல 45,000, கடைசி குதிரை மேல 5,000, மிச்சம் மத்த நாலு மேல. வரி கமிஷன் எல்லாம் சேர்த்து 25 சதவீதம் போகுதுன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கலாம், கைல நிக்கிறது 75,000. இப்போ அந்த கடைசி குதிரை ஜெயிச்சா 75,000ஐ 5,000ஆல வகுத்தா ரூபாய்க்கு 15, அதாவது 10 ரூபா டிக்கெட்டுக்கு 150. புக்கி சொன்ன 14/1ம் இதுவும் ஒண்ணுதான், சரியா? இப்போ மூட ஒரு நிமிஷம் இருக்கும்போது ஒரு பெரிய கை வந்து அந்த குதிரை மேல 10,000 போடுது. பூல் 1,10,000 ஆச்சு, 25 சதவீதம் போக 82,500, ஆனா பங்கு கேக்க இப்போ 15,000 ரூபா டிக்கெட் நிக்குது. வகுத்தா ரூபாய்க்கு அஞ்சரை. உங்க 150, 55 ஆயிடுச்சு. நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல, குதிரையும் அதே குதிரை, பின்னாடி வந்த ஆள் உங்க சாப்பாட்டுல கை வச்சுட்டான்.

இதே கணக்கை ஃபேவரிட் பக்கம் பாருங்க. முன்னாடி 75,000 வகுத்தல் 45,000, பத்து ரூபாய்க்கு 16.66, பைசாவை வெட்டிட்டு 16ன்னு கொடுப்பாங்கன்னு வைங்க (இந்த வெட்டுற பைசா தனி வருமானம், வெளிநாட்டுல இதுக்கு பிரேக்கேஜ்னு பேரே உண்டு). பெரிய கை வந்தப்புறம் 82,500 வகுத்தல் 45,000, 18.33, அதாவது 18. ஒருத்தன் வேற குதிரைல காசை கொட்டுனா உங்க குதிரை விலை ஏறுது. புக்கிகிட்ட விலை பேசி முடிச்சவனுக்கு இந்த ஏத்த இறக்கம் ரெண்டுமே கிடையாது.

இன்னொரு குழப்பம் இருக்கு, உங்க கேள்விலயும் அது இருக்கும்னு நினைக்கிறேன். டோட் டிவிடெண்ட்ல (ஜெயிச்ச டிக்கெட்டுக்கு டோட் கொடுக்கற தொகை) நீங்க கட்டுன காசும் சேர்ந்தே இருக்கும், புக்கி ஆட்ஸ்ல அது தனி. டோட்ல 10க்கு 55னா புக்கி பாஷைல அது 9/2, 11/2 இல்ல. பேப்பர்ல ரேஸ் ரிசல்ட் கீழ பொடி எழுத்துல வின் 55, பிளேஸ் (முதல் சில இடத்துக்குள்ள வந்தா கிடைக்கறது) 18, 12, 23ன்னு வரிசையா போட்டிருப்பாங்களே, அது எல்லாமே 10 ரூபாய்க்கு முதலோட சேர்த்த கணக்கு.

சரி, புக்கி மட்டும் தர்மத்துக்கா விலை சொல்றார்? அவர் கமிஷன் விலைக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு. ஆறு குதிரைக்கு ஈவன்ஸ் (அதாவது 1/1), 3/1, 5/1, 8/1, 10/1, 14/1ன்னு போர்டு போட்டிருக்கார்னு வைங்க. எது ஜெயிச்சாலும் உங்க கைக்கு 100 ரூபா வரணும்னா ஈவன்ஸ்ல 50, 3/1ல 25, 5/1ல 16.67, 8/1ல 11.11, 10/1ல 9.09, 14/1ல 6.67 கட்டணும். கூட்டுங்க, 118.54 வருது. 118 சொச்சம் கட்டி 100 வாங்குறீங்க, நடுவுல இருக்கறதுதான் அவர் சோறு. டோட்ல எவ்ளோ வெட்டுறாங்கன்னு விதிலயே எழுதி இருக்கும், இங்க நாமளே வகுத்து பார்த்தாதான் தெரியும், பார்க்கறவன் எத்தனை பேர்?

எது லாபம்னு அடுத்து கேப்பீங்க. பொதுவா ஃபேவரிட்டுக்கு புக்கி பரவால்ல, யாரும் சீண்டாத அவுட்சைடருக்கு டோட். காரணம் புக்கிக்கு பயம் உண்டு, பூலுக்கு பயம் கிடையாது. 200/1 கொடுக்க வேண்டிய நொண்டி குதிரைக்கும் அவர் 100/1க்கு மேல சீக்கிரத்துல போர்டு எழுத மாட்டார், தப்பித்தவறி வந்துட்டா யார் அழறது? பூலுக்கு அந்த கவலை இல்ல, டிக்கெட் வச்சிருக்கறவன் கொஞ்ச பேர்னா அந்த கொஞ்ச பேருக்கே மொத்தமும். இங்கிலாந்துல 1967 கிராண்ட் நேஷனல்ல ஃபாய்னவன்னு ஒரு குதிரை, ஜெயிக்கும்னு அதோட ஓனரே நம்பல, ரேஸுக்கு கூட வரல. 23வது வேலி கிட்ட ஜாக்கி இல்லாம ஓடிட்டு இருந்த ஒரு குதிரை குறுக்க பாய, முன்னாடி போன குதிரைங்க எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு முட்டி நின்னு, ஜாக்கிங்க வேலிக்கு அந்த பக்கம் இந்த பக்கம்னு விழுந்து கிடக்க, ரொம்ப பின்னாடி வந்துட்டு இருந்த ஃபாய்னவன் நிதானமா ஒரு இடுக்கு பார்த்து தாண்டி போய் ஜெயிச்சிடுச்சு. புக்கிங்களோட ஸ்டார்டிங் பிரைஸ் (ரேஸ் ஆரம்பிக்கும்போது இருந்த விலை) 100/1. டோட் கொடுத்தது 444/1. அதே குதிரை, அதே ரேஸ், நாலு மடங்குக்கு மேல வித்தியாசம். அந்த வேலிக்கு இப்பவும் அந்த குதிரை பேர்தான்.

இப்போ மாமா கதைக்கு வரேன். பிரான்ஸ்ல இந்த பிரச்சனையே கிடையாது, ஏன்னா அங்க 1891லயே சட்டம் போட்டு ரேஸ் கோர்ஸ்ல புக்மேக்கரை ஒழிச்சுட்டாங்க, பூல் மட்டும்தான். பூல் முறையை கண்டுபிடிச்சதே பாரிஸ்ல 1867ல ஜோசப் ஒல்லேர்னு ஒருத்தர் (மூலான் ரூஜ் ஆரம்பிச்சதுலயும் இந்த ஆளுக்கு கை உண்டு, ஜனங்க எதுக்கு காசு செலவு பண்ணுவாங்கன்னு நல்லாவே தெரிஞ்சு வச்சிருந்திருக்கார்). எங்க மாமா ஞாயித்துக்கிழமை காலைல வீட்டு கிட்ட இருக்கற கஃபேக்கு போய், கட்டம் போட்ட சீட்டுல பேனாவால மூணு நம்பர் குறிச்சு மெஷின்ல விட்டு, தியெர்சே ஆடுவார். 1954ல ஆரம்பிச்ச ஆட்டம், முதல் மூணு குதிரையை சொல்லணும், வரிசையோட சொன்னா பெரிய காசு, வரிசை மாறி வந்தா சின்ன காசு. சாயந்திரம் அவர் போன் பண்ணா குதிரை வந்துச்சான்னு கேக்க கூடாது, "ரப்போர் எவ்ளோ மாமா"ன்னு கேக்கணும். ரப்போர்னா அவங்க டிவிடெண்ட். மூணு குதிரையும் வந்தும் அவர் குரல் செத்து போயிருக்கும் சில நாள். "மாப்ள, ஊர்ல இருக்கறவன் எல்லாம் அதே மூணை போட்டிருக்கான்டா, காபி காசு கூட தேறல"ம்பார். பூல் ஆட்டத்துல ஜெயிக்கிற குதிரையை கண்டுபிடிச்சா பத்தாது, மத்தவன் கண்டுபிடிக்காம இருக்கணும்.

கடைசி நிமிஷ காசு பத்தி சொன்னேன் இல்லையா, அது இப்போ உலகம் பூரா பெரிய விஷயம். ஹாங்காங்ல ஜாக்கி கிளப் நடத்துற பூல் மட்டும்தான் சட்டப்படி, பூல் சைஸும் மலை மாதிரி. 1980கள்ல பில் பென்டர், ஆலன் வுட்ஸ்னு ரெண்டு பேர் அங்க போய் கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு குதிரைக்கும் வாய்ப்பு கணக்கு போட்டு, பூல் காட்டுற விலை எங்க தப்பா இருக்கோ அங்க மட்டும் கட்டி கோடிக்கணக்குல சம்பாதிச்சாங்க. அவங்களுக்கே ஒரு எல்லை இருந்துச்சு, ரொம்ப கட்டுனா அவங்க காசே அவங்க விலையை இறக்கிடும். இன்னிக்கு அந்த மாதிரி டீமுங்க மூடுற கடைசி நொடில கட்டுறதால, பல நாட்டுல குதிரை ஓட ஆரம்பிச்சப்புறம் ஸ்க்ரீன்ல விலை விழறதை பார்த்து ஜனங்க கத்துறாங்க. உங்களுக்கு வந்த அதே சந்தேகம்தான் அவங்களுக்கும்.

நிஜமாவே தில்லுமுல்லு நடந்த கதையும் ஒண்ணு இருக்கு, ஆனா அதுல ஏமாந்தது புக்கிங்க. 1964, லண்டன் பக்கத்துல டாகன்ஹாம், குதிரை இல்ல நாய் ரேஸ். அப்போ வெளிய கடை போட்டிருந்த புக்கிங்க சில பெட்டுக்கு டோட் டிவிடெண்ட் என்ன வருதோ அதையே கொடுப்பாங்க. ஒரு கும்பல் நூறு பேருக்கு மேல ஆளுங்களை கூட்டிட்டு போய் டோட் கவுன்டர் எல்லாத்தையும் அடைச்சு நின்னு, வேற யாரும் உள்ள கட்ட முடியாத மாதிரி வராத நாய் மேலயா பார்த்து மெதுவா மெதுவா டிக்கெட் வாங்கிட்டு இருந்தாங்க, அதே நேரம் வெளிய புக்கிங்க கடைல சரியான ஜோடி (முதல் ரெண்டு இடத்துல வர்ற நாய்ங்க) மேல அவங்க ஆளுங்க கட்டிட்டாங்க. பூல்ல ஜெயிச்ச டிக்கெட் ஒண்ணே ஒண்ணு, ரெண்டு ஷில்லிங்குக்கு டிவிடெண்ட் கிட்டத்தட்ட 1000 பவுண்டு. புக்கிங்க கொடுக்க மாட்டோம்னு கையை விரிச்சு கேஸ் கோர்ட்டுக்கு போச்சு. சின்ன பூலை யாரு வேணா ஆட்டி வைக்கலாம்ங்கறது இதுல தெரியுது இல்லையா, அதனாலதான் வார நாள்ல கூட்டம் இல்லாத ரேஸ்ல டோட் நம்பரை பார்த்து ஆசைப்படாதீங்கன்னு சொல்றேன்.

பிளேஸ் பெட் சுருக்கமா சொல்லிடறேன். புக்கிகிட்ட ஈச் வேன்னு (பாதி காசு வின்னுக்கு, பாதி பிளேஸுக்கு) கட்டினா பிளேஸ் பங்குக்கு வின் ஆட்ஸ்ல கால் பாகமோ அஞ்சுல ஒரு பாகமோ முன்னாடியே பேசினது. டோட்ல பிளேஸுக்குன்னு தனி பூல், அதை பிளேஸ்ல வந்த குதிரைங்களுக்குள்ள பிரிப்பாங்க, அதனால உங்க காசு எவ்ளோன்னு முன்னாடியே தெரியாது.

நம்ம நாட்டு நிலவரம் தனி கதை. 1974ல தமிழ்நாட்டுல ரேஸையே ஒழிக்க சட்டம் வந்துச்சு, 1996ல உச்ச நீதிமன்றம் குதிரை ரேஸ் திறமை விளையாட்டுன்னு தீர்ப்பு சொல்லி கிண்டிக்கு உயிர் கொடுத்துச்சு. ஆனா ஜிஎஸ்டி உயிரை எடுக்குது. கிளப்போட கமிஷன் மேல இல்ல, நீங்க கட்டுற முழு தொகை மேலயும் 28 சதவீதம்னு இருந்தது, 2025 செப்டம்பர் 22ல இருந்து 40 ஆயிடுச்சு. மேல நான் 25 சதவீதம்னு போட்ட கணக்கு எவ்ளோ தாராளம்னு இப்போ புரியும். ஜெயிச்ச தொகை 10,000 தாண்டுனா 30 சதவீதம் வருமான வரி வேற பிடிப்பாங்க, தோத்த காசை அதுல கழிக்க விட மாட்டாங்க. கடலூர்லயும் இங்கயும் போன்ல பெட் எடுக்கற ஆளுங்க "வரி இல்லாம தரேன்"னு வர்றது இதனாலதான். அது நேரடியா குற்றம், அதுவும் போக பெரிய காசு ஜெயிச்சா அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப் ஆகும், எந்த ஸ்டேஷன்ல போய் சொல்வீங்க?

கமென்ட்ல டெட் ஹீட் வந்தா என்னன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். ரெண்டு குதிரை ஒண்ணா முதல்ல வந்தா புக்கி உங்க பெட்டுல பாதிக்கு மட்டும் முழு ஆட்ஸ் கொடுப்பார், 4/1ல 100 ரூபா கட்டியிருந்தா 50க்கு கணக்கு போட்டு 250, மிச்ச 50 போச்சு. டோட்ல வின் பூலை ரெண்டா பிளந்து ஒவ்வொரு குதிரைக்கும் தனியா வகுப்பாங்க, அதனால ரெண்டுக்கும் டிவிடெண்ட் வேற வேறயா வரும், டிக்கெட் கம்மியா வித்த குதிரைக்கு அதிகம்.