முழங்கால் வலி: எம்ஆர்ஐக்கு முன்னால் எக்ஸ்ரேயைச் சரியாக எடுங்கள்

கேள்வி: எனக்கு 57 வயது. அடி எதுவும் படவில்லை. எட்டு மாதமாக மாடிப்படி ஏறினாலும் உட்கார்ந்து எழுந்தாலும் வலது முழங்கால் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: அந்த எக்ஸ்ரேயை நிற்கவைத்து எடுத்தார்களா, படுக்கவைத்து எடுத்தார்களா? படுக்கவைத்து என்றால் அதை நம்பி 'ஒன்றுமில்லை' என்று சொல்ல முடியாது. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. இரண்டு எலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை வைத்துத்தான் தேய்மானத்தைக் கணிக்கிறோம். மூட்டின்மேல் உடல் எடை விழாதபோது தேய்ந்த மூட்டும் அகலமாகவே தெரியும். ஆகவே இரண்டு காலிலும் எடை ஊன்றி, நேராக நின்று ஒரு படம்; முழங்காலை 45 டிகிரி மடக்கி நின்று ஒன்று; பக்கவாட்டில் ஒன்று. உங்களுக்குப் படியேறும்போது வலிப்பதால் முழங்கால் சில்லுக்கு 'ஸ்கைலைன்' படமும் (மடக்கிய முழங்காலில் சில்லையும் அதன் அடியில் உள்ள இடைவெளியையும் காட்டும் படம்) வேண்டும். சீட்டில் 'நின்றபடி' என்ற ஒரு சொல்லை எழுதக்கூட நேரமில்லாமல் அனுப்பிவிடுகிறார்கள், அலைவது நோயாளி. நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இந்த வயதில் எம்ஆர்ஐ எடுத்தால் ஏதாவது ஒன்று தெரியாமல் இருக்காது. அமெரிக்காவின் பிரேமிங்ஹாமில், எக்ஸ்ரேயில் தேய்மானம் இல்லாத, 50 வயது தாண்டிய 710 பேரின் முழங்காலை எம்ஆர்ஐயில் பார்த்தார்கள். 89 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கோளாறு தெரிந்தது. வலியே இல்லாதவர்களிடமும் ஏறக்குறைய இதே கதைதான். ஆனால் ரிப்போர்ட்டில் 'ஜவ்வு கிழிசல்' (மூட்டுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸில் கிழிசல்) என்று வந்துவிட்டால் அடுத்த வாரமே அறுவைக்குத் தேதி குறிக்க ஆள் இருக்கிறது. வயதால் வரும் கிழிசலைத் துளை வழியாக வெட்டிச் சீராக்குவதும், சீராக்குவதுபோல் பாவனை செய்வதும் ஓராண்டில் ஒரே பலனைத்தான் தந்தன என்று பின்லாந்து ஆய்வு 2013இலேயே காட்டிவிட்டது. 'இரண்டு காலுக்கும் சேர்த்து எம்ஆர்ஐ எடுத்தால் தள்ளுபடி' என்று யாராவது சொன்னால், அவருக்கு அதில் என்ன பங்கு என்று யோசியுங்கள்.

எம்ஆர்ஐயைத் தள்ளிப்போடக் கூடாத ஒரு நிலை உண்டு. நேற்றுவரை நன்றாக நடந்தவருக்கு, குறிப்பாக எலும்பு வலுவிழந்த பெண்களுக்கு, அடிபடாமலே திடீரென்று கால் ஊன்ற முடியாத வலி வரும். இரவில் படுத்தாலும் விடாது. குருத்தெலும்புக்கு அடியில் எலும்பில் நுணுக்கமாக விரிசல் விட்டிருக்கலாம். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும், எம்ஆர்ஐயில்தான் பிடிபடும். தேய்மானம் என்று நினைத்து 'நன்றாக நடங்கள்' என்று அனுப்பிவிட்டால் அந்த இடம் அமுங்கி, மூட்டையே மாற்ற வேண்டிய நிலை வரலாம். சந்தேகம் வந்த நாளிலிருந்தே ஊன்றுகோல் வைத்து எடையைக் குறையுங்கள். ஸ்கேன் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எட்டு மாதமாக, படியேறும்போதும் உட்கார்ந்து எழும்போதும் மட்டும் வலிக்கும் உங்கள் கால் இந்த வகை அல்ல.

நின்றபடி எடுத்த படமும் சுத்தமாக இருந்தால் இடுப்பு மூட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். அங்கிருக்கும் கோளாறு முழங்காலில் வலியாகத் தெரிவதுண்டு.