எலியைத் தேடுவதை விட்டுவிட்டு மூடியைத் தேடுங்கள்

குள்ளர்களின் கோட்டையைக் கட்டி நடத்தும் டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கணினி ஆட்டத்தைப் பற்றிப் பெரம்பூரிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் ஆட ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது, ஸ்டீம் இணையக் கடையில் வாங்கிய பதிப்பு. உணவுக் கிடங்கில் எலித் தொல்லை என்று ஒரு ஜோடிப் பூனையை விட்டேன். இப்போது கோட்டையில் 70 பூனை. எலி மட்டும் போகவில்லை, சாப்பாடும் குறைந்துகொண்டே வருகிறது. கேம் ஊர்கிறது. பூனைகளைக் கசாப்புக்கு அனுப்பலாம் என்று பார்த்தால் பாதிக்கு மேல் அதற்குக் குறிக்கவே விடமாட்டேன் என்கிறது. கோட்டையைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்கிவிடலாமா?"

வேண்டாம் தம்பி. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிடும். நான்கு மாதம் கட்டிய கோட்டை அது. ஒரு மாலை உட்கார்ந்தால் சரிசெய்துவிடலாம்.

முதலில் எலியைப் பார்ப்போம். இந்த ஆட்டத்தில் எலி, ஈ, சிலந்தி போன்றவை ஆடு மாடு கணக்கில் வராது. அவற்றைத் தனி வகையாக வைத்திருக்கிறார்கள். திடீரென்று ஒரு கட்டத்தில் தெரியும், அப்புறம் காணாமல் போகும். சிப்பாயை அனுப்பி வெட்ட முடியாது. ஒன்றைக் கொன்றால் இன்னொன்று மண்ணிலிருந்தோ குகையிலிருந்தோ வந்துகொண்டே இருக்கும். அதனால் கொன்று தீர்க்கலாம் என்று கிளம்பினால் முடிவே கிடையாது. கேட்க வேண்டியது, அந்த எலிக்கு உங்கள் கோட்டையில் சாப்பாடு எங்கே திறந்து கிடக்கிறது என்பதைத்தான்.

இதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவன். அப்பா செங்குன்றத்தில் அரிசி மண்டி வைத்திருந்தார். காலையில் ஷட்டரைத் தூக்கினால் சில நாள் தரையில் அரிசி ஒரு கோடாகச் சிந்தியிருக்கும். மூட்டையின் அடிமூலையில் கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டை, அதைச் சுற்றிச் சணல் நார் பஞ்சாகப் பிய்ந்திருக்கும். கடைப் பையன் உடனே விளக்குமாற்றோடு எலியைத் தேடுவான். அப்பா தேட மாட்டார். குனிந்து அந்த மூட்டையின் பின்பக்கம் கையை விட்டுப் பார்ப்பார். "சுவத்தோட ஒட்டி அடுக்கியிருக்கான்" என்பார். எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். அடியில் மரச்சட்டம் போட்டு, சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஓர் ஆள் நடக்க இடம் விட்டு, முழு அடுக்கையும் மாற்றி அடுக்கச் சொல்வார். சில்லறைக்குப் பிரித்த அரிசி மூடி போட்ட தகர டிரம்முக்குப் போகும். எங்கள் மண்டியிலும் பூனை இருந்தது. ஆனால் மூட்டையை அதை நம்பி வைக்கவில்லை.

உங்கள் கோட்டையில் அந்த டிரம்தான் பேரல். உணவு ஸ்டாக்பைலை, அதாவது உணவு சேர்த்துவைக்க நீங்கள் ஒதுக்கிய இடத்தை, திறந்து பாருங்கள். பிளம்ப் ஹெல்மெட் காளான், இறைச்சி, மீன் எல்லாம் தரையில் கட்டத்துக்குக் கட்டம் தனித்தனியாகக் கிடந்தால், எலிக்குப் பந்தி விரித்தாயிற்று என்று அர்த்தம். பேரலுக்குள் இருக்கும் உணவுக்கு இந்தத் தொல்லை பெருமளவு இல்லை. அந்த ஸ்டாக்பைலின் அமைப்பில் பேரல் எண்ணிக்கை 0 என்று மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பேரல் இருந்தும் உள்ளே போகாமல் உணவு தரையில் கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

இங்கேதான் புதிதாக ஆடுபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மது காய்ச்சவும் காலிப் பேரல் வேண்டும். இந்தக் குள்ளர்கள் குடிக்காவிட்டால் வேலையில் சுணங்கிவிடுவார்கள், ஆகையால் காய்ச்சுவதை நிறுத்த முடியாது. இருக்கிற பேரலை எல்லாம் மது எடுத்துக்கொண்டால் உணவு தரைக்கு வரும். உணவு எடுத்துக்கொண்டால் மது காய்ச்சுவது நின்றுபோகும். மரம் வெட்டி வெட்டிப் பேரல் செய்து மாளாது. நான் பல கோட்டைகளாகச் செய்துவருவது கல்பானை. கைவினைப் பட்டறையில் ஒரு கல்லுக்கு ஒரு பானை. உணவு வைக்கப் பேரல் செய்யும் வேலையை அது செய்யும், மதுவையும் தாங்கும். சுரங்கம் தோண்டும் ஊரில் கல்லுக்கா பஞ்சம்? குள்ளர் ஒருவரை மேனேஜராக நியமித்து, காலிக் கல்பானை 10க்குக் கீழே போனால் இன்னும் 10 செய் என்று நிபந்தனையோடு ஒரு வேலை உத்தரவு போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கமே திரும்ப வேண்டியிருக்காது.

உணவு குறைவதற்கு எலியை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். ஸ்டாக்பைலுக்கு வந்துசேர்ந்த உணவு அழுகாது. வந்துசேராமல் கசாப்புப் பட்டறையிலேயே கிடக்கும் இறைச்சி அழுகும். நிலத்தடியில் அழுகினால் ஊதா நிறத்தில் நாற்றப் புகை கிளம்பும். அழுகலைத் தேடி ஈ வரும். ஈயைப் பார்த்து ஒரு குள்ளர் முகம் சுளிப்பார். எல்லாம் ஒரே சங்கிலி. கசாப்புப் பட்டறைக்குப் பக்கத்திலேயே உணவு ஸ்டாக்பைல், குப்பை ஸ்டாக்பைல் நிலத்துக்கு மேலே திறந்தவெளியில். சுமைதூக்க ஆள் போதுமா என்றும் பாருங்கள். எல்லோரையும் சுரங்கத்துக்கும் பட்டறைக்கும் அனுப்பிவிட்டால் இறைச்சியை யார் தூக்குவார்?

சரி, பூனை. ஆடு போன்ற மற்றப் பிராணிகளை, வளர்க்க எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் குறித்தால்தான் ஒரு குள்ளர் எடுத்துக்கொள்வார். பூனை அப்படியில்லை, தனக்குப் பிடித்த குள்ளரைத் தானே எஜமானராக எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்ட நிமிடத்திலிருந்து அது அவருடைய சொத்து, கசாப்புக்குக் குறிக்க முடியாது. உங்களைத் தடுத்தது இதுதான். வேறு வழியில் அதைச் சாகவிட்டால் எஜமானர் துக்கப்படுவார். 40 பூனைக்கு 40 துக்கம் ஒரே நேரத்தில் என்றால் கோட்டையே குலைந்துவிடும், அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். கேம் ஊர்வதற்கும் காரணம் தெரிந்ததுதான். ஒவ்வொரு பூனையும் எங்கே போகலாம் என்று கணினி கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆகவே முதல் வேலை, பிறப்பை நிறுத்துவது. நம் சென்னைத் தெருநாய்களுக்கு மாநகராட்சி கருத்தடை செய்வதுபோலத்தான். விவசாயிப் பட்டறை ஒன்று இருந்தால் பிராணிகள் பட்டியலில் ஆண் பூனைகளைக் காயடிக்கக் குறிக்கலாம். குட்டிகள் ஒரு வருடத்தில் வளர்ந்துவிடும் என்பதால் பட்டியலை ஆண்டுக்கொரு முறை திரும்பப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் அடுத்த வருடம் இதே கடிதத்தை எழுதுவீர்கள்.

அடுத்து, எஜமானர் இல்லாத பூனைகளையும் குட்டிகளையும் கூண்டில் அடையுங்கள். கூண்டுக்குள் இருக்கும் பூனை யாரையும் தத்தெடுக்க முடியாது. கசாப்புக்கு அனுப்ப மனம் வரவில்லை என்றால் (எனக்கு வருவதில்லை) வியாபாரக் கூட்டம் வரும்போது கூண்டோடு விற்றுவிடலாம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். வசந்த காலத்தில் வருகிறவர்கள் எல்ஃப்கள் என்ற காட்டு இனத்தார். மரம் வெட்டுவதை வெறுப்பவர்கள். மரக்கூண்டில் வைத்துப் பூனையை நீட்டினால் கோபித்துக்கொள்வார்கள். கோடையில் வரும் மனிதர்களுக்கோ இலையுதிர் காலத்தில் வரும் குள்ளர்களுக்கோ அந்தக் கூண்டைக் கொடுங்கள்.

எஜமானர் இல்லாதவற்றில் ஐந்து பூனையை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள், உங்கள் அளவுக் கோட்டைக்கு அது தாராளம். அவற்றில் இரண்டை உணவு ஸ்டாக்பைல் இருக்கும் அதே இடத்தின் மேல் மேய்ச்சல் பகுதி போட்டு அங்கே ஒதுக்கிவிடுங்கள். பூனை புல் தின்னாது, தீவனமும் வேண்டாம். சாப்பாட்டறையிலும் வாசலிலும் சுற்றும் பூனையைவிடக் கிடங்கிலேயே கிடக்கும் பூனை பத்து மடங்கு உபயோகம்.

பூனைகளைப் பற்றிப் பேசும்போது 2015 டிசம்பரில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்போதுதான் ஆட்டத்தில் மதுக்கூடங்கள் வந்தன. வந்ததும் பூனைகள் காரணமே இல்லாமல் வாந்தியெடுத்துச் செத்தன. ஆட்டத்தை எழுதும் டார்ன் ஆடம்ஸ் ஆராய்ந்து கண்டுபிடித்தார்: குள்ளர்கள் சிந்திய மது தரையில் கிடக்கிறது, பூனை அதில் நடக்கிறது, பாதத்தை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறது, ஒரு நக்கலை ஒரு முழுக் குவளையாகக் கணக்கு வைத்ததால் போதை தலைக்கேறிச் சாகிறது. அந்தப் பிழையை அப்போதே திருத்திவிட்டார்கள். பூனையின் பாதத்தில் ஒட்டியதுவரை கணக்கு வைக்கும் ஆட்டம் இது. கிடங்கில் நீங்கள் திறந்து வைத்த ஒரு காளானையும் அது மறக்காது.

பொறியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தச்சுப் பட்டறையில் சின்னப் பிராணிகளுக்கான பொறி செய்து கிடங்கு ஓரமாக வைத்தால் சில மாட்டும். ஸ்டீம் பதிப்பில் இவற்றைப் பிடிக்கவும் பழக்கவும் தனிப் பட்டறையும் உண்டு. துணைக்கு வைத்துக்கொள்ளலாம். செங்கல்பட்டுப் பக்கம் வயல்களில் இருளர்கள் எலி பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். வளையின் வாயில் பானையை வைத்துப் புகை ஊதி, எலியைப் பிடித்த பிறகு வளையைத் தோண்டி அது சேர்த்த நெல்லையும் எடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு எந்த வளையில் எலி இருக்கும் என்று தெரியும். நம் குள்ளர்களுக்கு அந்தக் கண் இல்லை, பொறி எங்கே வைத்தாலும் ஓரளவுக்குத்தான்.

ஒவ்வொரு குள்ளருக்கும் அறவே பிடிக்காத ஒரு பூச்சியோ பிராணியோ இருக்கும், அவருடைய விவரப் பக்கத்தில் எழுதியிருக்கும். எலியை வெறுப்பவரைச் சமையற்காரராக வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். குகைச் சிலந்தியைப் பார்த்து மட்டும் பதறாதீர்கள். அதன் வலையை எடுத்து வந்து தறியில் கொடுத்தால் பட்டுத் துணி கிடைக்கும்.

இன்று இரவு ஆட்டத்தைத் திறந்ததும் நிறுத்தி வையுங்கள். ஒரு சேவ் எடுங்கள். ஆண் பூனைகள் அத்தனையையும் காயடிக்கக் குறியுங்கள். கல்பானைக்கு முதல் உத்தரவாக 30 போடுங்கள். அப்புறம் ஸ்பேஸ் பாரைத் தட்டி, உணவுக் கிடங்கின் மேல் கேமராவை வைத்துக்கொண்டு, தரையில் கிடக்கும் காளான்கள் ஒவ்வொன்றாகப் பானைக்குள் போவதைப் பாருங்கள். ஒரு பருவம் முடிந்த பிறகும் ஏதாவது தரையிலேயே கிடந்தால், எது கிடக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.