லாக் ஒன்று, விடை இரண்டு: எண்ணெய் அளவு கணக்கில் பிழை நுழையும் இடங்கள்

கேள்வி: முதுநிலை புவியியல் படிக்கிறேன். காவிரிப் படுகை மணற்கல் அடுக்கு ஒன்றில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று மதிப்பிடும் பயிற்சி தந்திருக்கிறார்கள். ஒரே லாக்கை (கிணற்றுக்குள் கருவி இறக்கி ஆழவாரியாக எடுத்த அளவீடு) வைத்து நானும் நண்பனும் போட்ட கணக்கில் விடை வேறு வேறாக வருகிறது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் பாறைத் துளைகளில் உள்ள நீரின் மின்தடையில்தான். சூத்திரத்தைச் சந்தேகிப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. பாறையின் அடர்த்தியை அளக்கும் டென்சிட்டி லாக் 2.32 (கிராம்/கன செ.மீ.) காட்டுகிறது. மணற்கல் துகளின் அடர்த்தி 2.65, துளைகளில் உள்ள திரவத்துக்கு 1.0. 0.33-ஐ 1.65-ஆல் வகுத்தால் நுண்துளைமை (பாறையில் துளைகளின் பங்கு) 20%. கிணற்றுச் சுவரைத் தாண்டி உள்ளே அளக்கும் ஆழ மின்தடை லாக் 20 ஓம்-மீட்டர். ஆய்வகம் தந்த நீரின் மின்தடை 0.25. ஆனால் அது 25 டிகிரியில் அளந்தது. அடுக்கின் வெப்பமோ 95 டிகிரி. சூடு ஏறினால் உப்புநீரின் மின்தடை இறங்கும். இரண்டு வெப்பநிலைகளோடும் 21.5-ஐக் கூட்டி விகிதம் எடுங்கள்: 0.25 × 46.5 ÷ 116.5 = 0.10.

இனி, மின்தடையிலிருந்து துளைநீரின் பங்கைக் கணக்கிடும் ஆர்ச்சியின் 1942-ஆம் ஆண்டுச் சமன்பாடு. நீரின் மின்தடையை, நுண்துளைமையின் வர்க்கத்தையும் அடுக்கின் மின்தடையையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 0.10 ÷ (0.04 × 20) = 0.125, மூலம் 0.35. துளைகளில் 35% நீர், மீதி 65% எண்ணெய். வெப்பத் திருத்தத்தை மறந்து 0.25-ஐயே போட்டால் நீர் 56% ஆகிவிடும். எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காகிதத்திலேயே காணாமல் போகும். 60%-க்கு மேல் நீர் உள்ள பகுதியை ஒதுக்கு என்று வரம்பு வைத்திருந்தால், சற்றே ஈரமான பகுதிகளும் கழிந்து தடிமனும் குறையும். ஒரே பிழை இரண்டு இடத்தில் அடிக்கும்.

அடுத்து களிமண். துளைநீர் மட்டுமே மின்சாரத்தைக் கடத்துகிறது என்பது ஆர்ச்சியின் அடிப்படை. களிமண்ணும் கடத்தும், அதனால் எண்ணெய் இருந்தும் மின்தடை குறைவாக விழுந்து, நல்ல அடுக்கு நீரடுக்கு போலத் தெரியும். அங்கே சிமாண்டூ போன்ற களிமண் திருத்தம் உள்ள சமன்பாடு வேண்டும். களிமண் அளவை, பாறையின் இயற்கைக் கதிரியக்கத்தை அளக்கும் காமா ரே லாக்கை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். கிரானைட், நைஸ் பாறைகள் சிதைந்து உருவான மணற்கல்லில் ஃபெல்ட்ஸ்பார் மிகுதி. அதிலுள்ள பொட்டாசியமே காமா ரேயை உயர்த்திவிடும். காவிரிப் படுகையின் ஆழமான அடுக்குகளில் இந்தக் கவனம் அவசியம். நியூட்ரான் (ஹைட்ரஜன் அளவைக் காட்டுவது), டென்சிட்டி லாக்குகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் உண்மையான களிமண்ணா என்று பிடிபடும்.

கன அளவு எளிது. பரப்பு 2 சதுர கிலோமீட்டர், பயனுள்ள தடிமன் 8 மீட்டர் என்றால்: 20,00,000 × 8 × 0.20 × 0.65 = 20,80,000 கனமீட்டர். எண்ணெய் மேலே வரும்போது வாயு பிரிந்து சுருங்கும். அதற்கான காரணி 1.25-ஆல் வகுத்தால் 16,64,000 கனமீட்டர், சுமார் 1.05 கோடி பேரல். இது நிலத்தடியில் இருப்பது, எடுக்கக்கூடியது அல்ல. மீட்பு 30% என்று வைத்தால் ஏறத்தாழ 31 லட்சம் பேரல்தான் கைக்கு வரும். கீழிருந்து நீர் தள்ளும் அடுக்கில் இதைவிடக் கூடும். கரைந்த வாயுவின் உந்துதல் மட்டும் என்றால் நன்றாகக் குறையலாம்.

இந்தக் கணக்கில் மிகவும் ஆட்டம் காட்டுவது பரப்பு. எண்ணெய்-நீர் எல்லை எங்கே என்று தெரியாமல் வரைபடத்தின் கடைசி சம ஆழ வளைகோடு வரை நிரப்பிவிடுவது மாணவர்கள் அடிக்கடி செய்வது. பல ஆழங்களில் அழுத்தம் அளந்த தரவு இருந்தால் வரைந்து பாருங்கள்: நீரில் மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), எண்ணெயில் 1.1-ஐ ஒட்டி ஏறும். இரு கோடுகளும் வெட்டும் ஆழத்தை எல்லையாகக் கொள்ளலாம். தரவு இல்லையென்றால், கிணற்றில் எண்ணெய் கண்ட கடைசி ஆழம் வரைக்கும்தான் குறைந்தபட்ச மதிப்பீடு. அதற்குக் கீழே உள்ளதை நடுத்தர, உயர்ந்தபட்ச மதிப்பீடுகளில் தனியாகக் காட்டுங்கள்.

காவிரிப் படுகையின் கடற்பகுதியில் உள்ள பிஒய்-1 வாயு வயலைப் போல விரிசல் விட்ட அடித்தளக் கிரானைட்டில் வாயு இருந்தால் மேற்சொன்ன வழி உதவாது. அங்கே கல்லுக்குள் துளை ஏறக்குறைய இல்லை. விரிசல்களின் அடர்த்தியையும் திசையையும் கிணற்றுச் சுவரைப் படமெடுக்கும் இமேஜ் லாக்கில் பார்த்து, உற்பத்திச் சோதனையோடு ஒப்பிட்டே மதிப்பிட வேண்டும்.