கௌரியம்மாவும் பத்து சென்ட் நிலமும் – கடிதம், பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

கேரளத்தின் கே.ஆர். கௌரியம்மாவைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவரை முற்போக்கு அரசியலின் தலைமகள் என்று புகழ்ந்திருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. நிலச்சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1970இல், அச்சுத மேனன் ஆட்சியில். அந்தப் பெருமையைத் தூக்கி இவருக்குக் கொடுக்கிறீர்கள். வாழ்நாளெல்லாம் காங்கிரஸை எதிர்த்தவர், 1994க்குப் பிறகு அதே காங்கிரஸ் அணியில் சேர்ந்து அமைச்சரானார். முத்தங்காவில் ஆதிவாசிகள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தபோதும் பதவியில்தான் இருந்தார். எனக்கு இது பதவி ஆசையாகவே தெரிகிறது. நீண்ட காலம் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருப்பதும் மக்கள் பணியும் ஒன்றா? நான் திருவாரூர்க்காரன். நிலம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நிலம் என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர் இந்தக் கேள்விகளைக் கேட்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆகவே நிலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1957 ஏப்ரல் 5 அன்று கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அமைச்சரவை பதவியேற்றது. கௌரியம்மா வருவாய்த்துறை அமைச்சர். அந்த அமைச்சரவையில் ஒரே பெண். ஏப்ரல் 11ஆம் தேதி, ஒரு வாரம்கூட முடியாத நிலையில், குடியானவர்களை நிலத்திலிருந்தும் குடிசைகளிலிருந்தும் வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம் வந்தது.

இந்த ஆறு நாள் ஏன் முக்கியம் என்பது உங்களுக்கு விளங்கும். நிலச்சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினாலே போதும், நிலவுடைமையாளர் முந்திக்கொள்வார். குத்தகைக்காரரை வெளியேற்றிவிட்டு ‘சொந்த சாகுபடி’ என்று எழுதிக்கொள்வார். பிறகு சட்டம் வரும்போது அதன் பயனைப் பெற வேண்டிய ஆளே நிலத்தில் இருக்கமாட்டார். இந்தியாவில் பல மாநிலங்களில் நிலச்சட்டங்கள் இப்படித்தான் உள்ளீடற்றுப் போயின. கௌரியம்மா சேர்த்தலையில் வழக்கறிஞராக இருந்தவர். கேரளத்தின் ஈழவச் சமூகப் பெண்களில் முதலில் சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர். வெளியேற்ற வழக்குகள் எப்படி நடக்கும், எங்கே ஏழை தோற்பான் என்பதையெல்லாம் நீதிமன்றத்தில் நின்று பார்த்தவர். முதலில் கதவை அடைத்துவிட்டு அதன் பிறகு சட்டத்தை எழுத உட்கார்ந்தார். கொள்கைப் பற்று நிறையப் பேருக்கு இருந்தது. இந்த வரிசை தெரிந்தவர்கள் குறைவு.

1970இல் வந்ததுதானே என்கிறீர்கள். அது எந்த வழியாக வந்தது என்பதைப் பாருங்கள். விவசாய உறவுகள் மசோதா 1957 டிசம்பரில் சட்டமன்றத்துக்கு வந்தது. 1959 ஜூன் 10 அன்று நிறைவேறியது. ஜூலை 31 அன்று மத்திய அரசு ஆட்சியைக் கலைத்தது. குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். திருத்திய வடிவில் சட்டமாகி வந்தபோது, 1961 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரயத்துவாரி நிலங்களுக்கு, அதாவது நிலம் வைத்திருப்பவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் நிலங்களுக்கு, அது செல்லாது என்றது. வழக்கில் இருந்தவை பழைய சென்னை மாகாணத்திலிருந்து கேரளத்தோடு இணைந்த காசர்கோடு பகுதி நிலங்கள். அடுத்து காங்கிரஸ் ஆட்சியில் 1963ஆம் ஆண்டுச் சட்டம், பல இடங்களில் நீர்த்துப்போன வடிவில் வந்தது. 1964இல் அரசியல் சட்டத்தின் 17ஆவது திருத்தம் வந்து, நீதிமன்றத்தில் எளிதில் அடித்துவிட முடியாதபடி ஒன்பதாவது அட்டவணையின் பாதுகாப்பு கிடைத்தது. 1967இல் இ.எம்.எஸ். மீண்டும் முதலமைச்சரானார். மீண்டும் வருவாய்த்துறை கௌரியம்மாவிடம். அவர் கொண்டுவந்த திருத்தச் சட்டம்தான் 1969 அக்டோபரில் நிறைவேறி, அந்த ஆட்சி விழுந்த பிறகு, 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அச்சுத மேனன் பெரிய நிர்வாகி. அந்தச் சட்டத்தைக் காகிதத்திலிருந்து இறக்கி நடைமுறையாக்கிய பெருமை அவருடையதே. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் கலைக்கப்பட்டும் திருப்பி அனுப்பப்பட்டும் வெட்டப்பட்டும் வந்த ஒரு சட்டத்தை, இரண்டு ஆட்சிகளில் ஒரே நாற்காலியில் இருந்து எழுதியவர் யார் என்பதை மறந்துவிட்டு அறுவடை செய்தவரை மட்டும் சொன்னால், உழுதவருக்கு என்ன பதில்?

அந்தச் சட்டத்தில் ‘குடிகிடப்பு’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்பவர் குடிகிடப்புக்காரர். அவருக்கு அந்தக் குடிசையும் அதைச் சுற்றிய மண்ணும் உரிமையாகும்: ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், பெருநகரில் 3 சென்ட். உச்சவரம்பைப் பற்றியும் குத்தகை ஒழிப்பைப் பற்றியும் ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். என் மனம் இந்தப் பத்து சென்ட்டில்தான் நிற்கிறது. பத்து சென்ட்டில் நான்கு தென்னை நிற்கும், ஓர் ஆடு மேயும், செத்தவரைப் புதைக்க இடம் இருக்கும். எல்லாவற்றையும்விட, ‘நாளைக் காலையில் கூரையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போ’ என்று சொல்லும் அதிகாரம் எவருக்கும் இருக்காது.

நீங்கள் கீழத்தஞ்சை மண்ணின் மனிதர். பண்ணையாரின் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்க ஏன் பயந்தார் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூலி கேட்டால் குடிசை போகும். கூலி உயர்வுக்கான போராட்டத்தின் நடுவில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். நம் மாநிலத்தில் குடியிருப்பு மனையை உழவுத் தொழிலாளிக்கு உரிமையாக்கும் சட்டம் 1971இல் வந்தது. குடியிருக்கும் மண் சொந்தமாகும்போது ஒரு மனிதர் நிமிர்ந்து நின்று கூலி பேசுகிறார். இது உங்கள் ஊரிலும் உண்மை, ஆலப்புழையிலும் உண்மை.

சட்டத்தில் குறைகள் இல்லையா? இருந்தன, பெரிய குறைகள். தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான ஏக்கர் அப்படியே நின்றது. குத்தகைக்காரர் நிலம் பெற்றார். வயலில் இறங்கி நாற்று நட்ட தலித் தொழிலாளி பெரும்பாலும் குடிசை மண்ணோடு நின்றுவிட்டார். தலித் இயக்கங்கள் இதைக் கேட்பது நியாயம். அந்தக் கேள்வியை நானும் கேட்கிறேன். அதற்காக, கிடைத்த பத்து சென்ட்டைக் கிடைக்கவே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இனி உங்கள் கோபத்தின் மையத்துக்கு வருகிறேன். அணி மாறினார் என்கிறீர்கள். அவர் 1948இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1957இல் சக அமைச்சர் டி.வி. தாமஸை மணந்தார். 1964இல் கட்சி பிளந்தபோது கணவர் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் பக்கம், மனைவி மார்க்சிஸ்ட் கட்சியின் பக்கம். 1967 அமைச்சரவையில் இருவரும் இருந்தார்கள். வேறு வேறு கட்சிகளின் பிரதிநிதிகளாக. அந்த மணவாழ்க்கை அதோடு முறிந்தது. கட்சிக்காக இத்தனை பெரிய விலை கொடுத்த ஒருவரை ‘கட்சி மாறி’ என்று ஒரு சொல்லில் முடிப்பது எனக்கு வலிக்கிறது. அவர் விலகிப் போகவும் இல்லை. 46 ஆண்டுகளுக்குப் பிறகு, 1994 ஜனவரி 1 அன்று, கட்சிதான் அவரை வெளியேற்றியது. அப்போது அவருக்கு வயது 74. வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அவர் ஜனாதிபத்திய சம்ரக்ஷண சமிதி என்று சொந்தமாக ஒரு கட்சி தொடங்கி அரூர் தொகுதியில் நின்று வென்றார்.

பதவி ஆசை என்றீர்கள். 1987 தேர்தலில் ‘கேரம் திங்ஙும் கேரள நாட்டில் கே.ஆர். கௌரி பரிச்சீடும்’ என்ற முழக்கம் ஒலித்தது. தென்னை செழித்த கேரள நாட்டை கே.ஆர். கௌரி ஆள்வார் என்று பொருள். வாக்குகள் விழுந்தன, நாயனார் முதலமைச்சரானார். கேரளத்தில் இன்றுவரை அந்த ஏமாற்றம் பேசப்படுகிறது. கௌரியம்மா தொழில்துறையை ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். அவர் அமைச்சராக இருந்த காலத்தில்தான், 1990இல், திருவனந்தபுரம் டெக்னோபார்க் உருவானது. பதவி மட்டுமே வேண்டும் என்பவருக்கு அந்த இடத்தில் முறுக்கிக்கொண்டு நிற்க எல்லாக் காரணங்களும் இருந்தன.

முத்தங்கா விஷயத்தில் உங்களோடு எனக்கு வாதம் இல்லை. 2003 பிப்ரவரி 19 அன்று வயநாட்டில், சி.கே. ஜானு தலைமையில் நிலம் கேட்டுக் காட்டில் குடியேறிய ஆதிவாசிகள் மீது காவல்துறை சுட்டது. ஏ.கே. ஆண்டனியின் அமைச்சரவையில் கௌரியம்மா விவசாய அமைச்சர். நிலத்துக்காகவே அரசியலுக்கு வந்தவர் அன்றே பதவி விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. இதற்கு நான் சமாதானம் தேடப் போவதில்லை.

ஆனால் அதே ஆதிவாசி நிலத்தின் கதையில் முந்தைய ஓர் அத்தியாயம் இருக்கிறது. அது உங்கள் கடிதத்தில் இல்லை. ஆதிவாசிகளிடமிருந்து கைமாறிப் போன நிலத்தை மீட்டுத் தருவதற்கான சட்டம் 1975இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் வெளிவரவே 1986 ஆனது. உயர் நீதிமன்றம் தலையிட்டும் நிலம் திரும்பவில்லை. காரணம் எளியது: நிலத்தை வைத்திருந்த குடியேறிகளுக்கு வாக்கு இருந்தது, இரண்டு அணிகளுக்கும் அந்த வாக்கு தேவைப்பட்டது. 1996இல், அந்தக் கைமாற்றங்களைச் செல்லுபடியாக்கும் திருத்த மசோதாவை இடது முன்னணி அரசு கொண்டுவந்தது. காங்கிரஸ் அணி ஆதரித்தது. எதற்கும் ஒன்றுசேராத இரண்டு அணிகள் அன்று ஒன்றுசேர்ந்தன. 140 உறுப்பினர் கொண்ட அவையில் எதிர்த்து நின்றவர் கௌரியம்மா ஒருவர்தான். கட்சி நீக்கி மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. புதிதாகச் சேர்ந்த அணியைப் பகைத்துக்கொண்டால் போக வேறு இடமும் இல்லை. அவருக்கு 77 வயது. அந்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

விலைபோனவர் இப்படி வாக்களிப்பாரா, நண்பரே? 1957இல் ஆறாவது நாளில் ‘யாரையும் வெளியேற்றாதே’ என்று ஆணை போட்ட அதே பெண்தான் 1996இல் தனியாக எழுந்து நின்றவர். இரண்டுக்கும் நடுவில் அவர் தோற்ற இடங்களும் தவறிய இடங்களும் உண்டு. 101 வயதில், 2021 மே மாதம், அவர் மறைந்தபோது இரங்கல் குறிப்புகள் பெரும்பாலும் ‘முதல் பெண் அமைச்சர்’ என்பதோடு நின்றுவிட்டன. அந்த ஆதங்கத்தில்தான் கட்டுரையை எழுதினேன்.

அச்சுத மேனனின் பெயரை அதில் ஒரு முறைகூடச் சொல்லவில்லை என்பது நீங்கள் எழுதிய பிறகே உறைத்தது. அது என் பிழை. நூலாக்கும்போது அவருக்குரிய பத்தியைச் சேர்த்துவிடுகிறேன். முத்தங்காவையும் சேர்க்கிறேன். தலைமகள் என்ற சொல் மட்டும் அங்கேயே இருக்கும்.

அன்புடன்