பல்பர் கொட்டகையை இடிக்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்கு ஆறு ஏக்கர் காப்பித் தோட்டம். காப்பிப் பழத்தை இப்போது அப்படியே விற்றுவிடுவதால் தாத்தா காலத்துப் பல்பர் (பழத்தோலை உரிக்கும் இயந்திரம்) கொட்டகை சும்மா கிடக்கிறது. கல் சுவர், மங்களூர் ஓடு. மழைக்காலத்தில் பின்சுவர் முழுக்க ஓதம். இடித்துவிட்டு நாலு காட்டேஜ் கட்டலாம் என்கிறான் மகன். எனக்கு மனசு வரவில்லை. கட்டடம் தேறுமா? (ஒரு வாசகி, ஏற்காடு)

பதில்: அம்மா, மகனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஓதம் அடிக்கும் சுவரைப் பார்த்தால் யாருக்கும் இடிக்கத்தான் தோன்றும். ஆனால் உள்ளே நின்று பார்க்காமல், ஒருமுறை கொட்டகையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். சரிவில் இருக்கும் கட்டடங்களில் மேட்டு மண் வருஷா வருஷம் இறங்கிச் சுவரில் சாய்ந்துகொள்ளும். உள்ளே இருக்கும் தரையைவிட வெளியே மண் இரண்டடி உயர்ந்திருந்தால் சுவர் வேறு என்ன செய்யும்? பழைய வாய்க்காலும் அந்த மண்ணுக்கடியில்தான் இருக்கும். தை, மாசியில் ஆள் வைத்து வெட்டி எடுங்கள். ஒரே நாளில் வேண்டாம், நாலைந்தடியாக எடுங்கள். கடைக்காலுக்குக் கீழே மண்வெட்டி போகக் கூடாது.

அப்புறம் ஒரு சாவியை எடுத்துக் கல்லுக்கு நடுவே இருக்கும் காரையைச் சுரண்டுங்கள். வெள்ளையாக மாவு போல உதிர்ந்தால் அது சுண்ணாம்பு. சுண்ணாம்புச் சுவருக்கு மூச்சு உண்டு. குடித்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன் மேல் யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு உப்பாகப் பூக்கும். இது புத்தகத்தில் படித்ததில்லை. அம்மாபேட்டையில் என் தாத்தாவின் குழித்தறிக் கொட்டகைக்கு நானே நின்று சிமெண்ட் பூச வைத்தேன். அப்போது எனக்கு ஓவர்சியர் வேலை கிடைத்த புதிது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. இரண்டு மழைக்குள் பூச்சு பலகை பலகையாக விழுந்தது, கூடவே செங்கல்லின் முகமும். கடைசியில் அதை இடித்ததும் நான்தான். தறிக்குழியை மூட மூன்று வண்டி மண் ஆனது. அம்மா அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

கூரையில் கைமரங்களின் முனையை மட்டும் பாருங்கள், சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தை. ஸ்குரூ டிரைவர் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் அந்த மரத்தை மாற்ற வேண்டும். நடுமரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

மகனிடம் இதையும் சொல்லுங்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அந்தத் தொழில் நடந்த விதம் இந்த மாதிரிக் கொட்டகைகளின் படிக்கட்டு அமைப்பிலேயே இருக்கிறது. மேல் தளத்தில் பழத்தைக் கொட்டுவார்கள். தண்ணீரோடு அது பல்பருக்குள் இறங்கும். தோல் ஒருபக்கம் போக, கொட்டை அடுத்த தொட்டியில் விழுந்து ஒரு நாளோ ஒன்றரை நாளோ புளிக்கும். அதற்குக் கீழே கழுவும் வாய்க்கால், அதற்கும் கீழே காயப்போடும் களம். மலைச்சரிவையே ஆளாக வைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். சமமான தரையில் இதைத் திரும்பக் கட்டினால் வெறும் ஷெட்தான்.

காட்டேஜ் கட்டட்டும், வேறு இடத்தில். கொட்டகையைச் சாப்பாட்டுக் கூடமாக்கினால் மேல் தளம் சமையலறைக்கு லாயக்கு. தொட்டிகளை மட்டும் மூடிவிடாதீர்கள். ஏற்காட்டில் புதிதாக எதைக் கட்டுவதானாலும் ‘ஹாகா’ என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் உண்டு. அனுமதிக் காகிதம் கைக்கு வராமல் இடித்தால் பழசும் இல்லை, புதுசும் இல்லை.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் தானியக் கிடங்குக்கு நூறு வயதுக்கு மேல். இடிக்கத் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்க வேண்டுமா? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: வயது மட்டும் போதாது சார். 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி அரசு பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்திருந்தால்தான் அந்தத் துறை வரும். மத்தியத் தொல்லியல் துறைச் சின்னம் பக்கத்தில் இருந்தால் கதை வேறு. 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்குத் தடை. மற்றபடி மாநகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இடிப்பது என்றே முடிவானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப் பிடித்து நீளம், அகலம், சுவர்க் கனம் எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கதவு, நிலை, உத்தரத்தையெல்லாம் இடிக்கும் காண்டிராக்டரிடம் ‘சேர்த்து எடுத்துக்கோ’ என்று விடாதீர்கள். பழைய தேக்கைக் கன அடிக் கணக்கில் வாங்க ஆள் இருக்கிறது. புது வீட்டுக்கு அந்த நிலையையே வைக்க முடியுமா என்று ஆசாரியை முதலில் கேளுங்கள். நிலையின் உயரத்தை அளந்து அனுப்பினால் நானும் சொல்கிறேன்.