மலை ஏரிக்கு நடை: வாசகர் கேள்விகள்

கேள்வி: கோடை முடியும் நேரத்தில் ஒரு மலை ஏரிக்கு நடந்து போகத் திட்டம். ஒரு வழி 8 கி.மீ., ஏற்றம் 900 மீட்டர். காலை 10 மணிக்குக் கிளம்பினால் போதுமா?

பதில்: போதாது. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது. தூரத்துக்கு மணிக்கு 5 கி.மீ.; அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். உங்கள் பாதைக்கு இது 3 மணி 6 நிமிடம் வருகிறது. இதில் உட்காரும் நேரம் கிடையாது. குழுவாக, மூட்டையோடு போனால் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மணிக்குக் கிளம்பினால் ஏரியில் இருப்பது பிற்பகல் 2 மணிக்கு. இடிமேகம் திரளும் நேரமே அதுதான். வெயிலில் சூடான சரிவுக்காற்று மேலேறித்தான் அந்த மேகம் உருவாகிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 விநாடிக்குள் வந்துவிட்டால் முகட்டிலும் கரையிலும் நிற்காதீர்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் பொறுங்கள்.

பனி உருகி வரும் ஓடைகளுக்கும் நேரம் உண்டு. காலையில் கணுக்கால் அளவு நனைத்த அதே ஓடை சாயங்காலம் முழங்காலைத் தொடலாம். ஆறு மணிக்கே நடையைத் தொடங்குங்கள். 11 மணிக்குள் ஏரி வராவிட்டால் அப்படியே திரும்புவது என்று கீழேயே பேசி வையுங்கள். மேலே போனபின் யாருக்கும் திரும்ப மனசு வராது.

கேள்வி: ஏரிக்கரையில் ஓரிரவு தங்குகிறோம். தண்ணீர் கண்ணாடிபோல் இருக்குமாம். அப்படியே குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியா என்ற நுண்ணுயிரி கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வையுங்கள்: தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். 3000 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால்தான் இந்தக் கூடுதல் நேரம்.

குழல் இழை வடிகட்டி (நுண்ணிய குழாய் போன்ற இழைகள் வழியே தண்ணீரை வடிப்பது) கொண்டுபோனால் ஒரு கவனம். கோடைக் கடைசியில் மேலே இரவு உறைபனி விழும். ஒருமுறை நனைந்த வடிகட்டிக்குள் மிச்சத் தண்ணீர் உறைந்தால் இழைகளில் விரிசல் விழும். வெளியே ஒரு கீறலும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல் வரும், கிருமியும் கூடவே வரும். இரவில் பையில் கட்டி, தூங்கும் பைக்குள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏரியில் குதித்துக் குளிக்கலாமா?

பதில்: குதிக்காதீர்கள். மேல்மட்டம்தான் வெயிலில் சூடாகியிருக்கும். சற்றுக் கீழே சுரீரென்று குளிரும். திடீர்க் குளிரில் மூச்சு தானாக உள்ளே இழுக்கும். அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. கால் தரையில் நிற்கும் ஆழத்தில், மெதுவாக இறங்கி, சில நிமிடங்களில் ஏறிவிடுங்கள். வெளியே வந்தபிறகும் உடல் குளிர்ந்துகொண்டே இருக்கும். ஈரத்துணியைக் கழற்றிவிட்டு உலர்ந்த உடுப்பு முதலில், போட்டோ அப்புறம்.

கேள்வி: இறங்கும்போது கட்டைவிரல் நகம் கறுத்துப்போகிறது. ஏன்?

பதில்: கால் முன்னே சறுக்கி பூட்ஸ் முனையில் இடிப்பதால். நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். இறக்கம் தொடங்குமுன் குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி, கணுக்கால் பக்க லேஸை மட்டும் இறுக்கிக் கட்டுங்கள்.