ஸ்டைன்ஸ் கேட் என்ற ஜப்பானிய விஷுவல் நாவல் (கதையை வாசித்துக்கொண்டே போகும் வீடியோ கேம்) ஐந்து மணி நேரமாக நகரவே இல்லை. விமர்சகர்கள் ஏன் இதைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்? நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள்.

யாரோ போட்ட மதிப்பெண்ணைப் பார்த்து வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டோக்கியோவின் அகிஹாபரா பகுதியில் ஒரு சின்ன அறை, நாலு பேர் அரட்டை, மைக்ரோவேவில் வாழைப்பழம் பச்சைக் கூழாகிறது, அந்த நாலு பேரில் ஒருத்தியான மயூரி கோழி வறுவல் பற்றியே பேசுகிறாள். காலப்பயணம் எங்கே, எல்லாரும் சொன்ன இருண்ட எதிர்காலம் எங்கே என்று எரிச்சல் வந்திருக்கும். எனக்கும் வந்தது. அந்த எரிச்சலில் நான் ஒரு தப்பு செய்தேன்.

2014-இல் ஆங்கிலத்தில் கணினிப் பதிப்பு வந்த சமயம், ஒரு சிறிய இணைய இதழுக்கு விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். முழுசாக முடிக்க 30 மணி நேரமாவது பிடிக்கும். எனக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு நாள். எட்டு மணி நேரம் வாசித்துவிட்டு, "ஆரம்பம் இழுவை, கதை தடம் பிடிக்கவில்லை" என்று எழுதி, பத்துக்கு ஆறு போட்டுவிட்டேன். முடிக்கவில்லை என்பதை எங்கேயும் சொல்லவில்லை.

மனசு உறுத்தியது. அடுத்த மாதம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். நடுவில் கதை ஒரு திருப்பம் திரும்புகிறது. என்ன என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு அதே அறை, அதே அரட்டை, அதே கோழி வறுவல் பேச்சு மறுபடியும் வரும்போது தொண்டை அடைத்தது. ஆரம்பத்தில் அத்தனை மணி நேரம் அவர்களோடு வெட்டியாக உட்கார்ந்திருக்காவிட்டால் எனக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. பின்னால் ஒரு கடிதம் வருகிறது. "தோற்றுவிட்டேன் தோற்றுவிட்டேன் தோற்றுவிட்டேன்" என்று அதே சொல். அடுத்த வரிக்குப் போக நான்தான் பட்டனை அழுத்த வேண்டும். கை போகவில்லை.

கதையில் வரும் ஜான் டைட்டர் என்ற காலப்பயணி பற்றிய பேச்சும் சும்மா இல்லை. 2036-இலிருந்து ஐபிஎம் 5100 கணினியைத் தேடி வந்ததாக 2000, 2001 வாக்கில் இணையத்தில் நிஜமாகவே ஒருவர் அந்தப் பெயரில் எழுதினார். அதை எடுத்துக்கொண்டு, ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வு மையமான செர்னை நினைவூட்டும் ஓர் ஆய்வுக்கூடம் உலகத்தையே ஆளும் 2036-ஐக் கட்டியிருக்கிறார்கள். ஆரம்ப அரட்டையில் காதில் விழுந்ததெல்லாம் அங்கே போய்ச் சேர்கிறது.

2009-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்தபோதே ஜப்பானில் ஃபாமிட்சு என்ற வீடியோ கேம் இதழ் விருது கொடுத்தது. ஆங்கிலத்தில் எழுதிய விமர்சகர்களில் பலரும் தொடக்கம் மெதுவானது என்று சொல்லிவிட்டுத்தான் புகழ்ந்தார்கள். அவர்கள் கடைசிவரை போனவர்கள்.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பெண்ணைப் போலத் தெரியும் ரூகா என்ற பையனை வைத்து அடிக்கும் ஜோக்குகளும், நாயகனின் நண்பன் டாருவின் ஆபாசப் பேச்சும் எனக்கு இன்றும் பிடிக்காது. "இது விளையாட்டே இல்லை, வெறும் வாசிப்பு" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திரையில் தேர்வுப் பட்டியல் வராது என்பது உண்மை. நாயகன் ஒகாபேயின் போனை எடுப்பதா வேண்டாமா, மெயிலில் நிறம் மாறித் தெரியும் எந்தச் சொல்லைப் பிடித்துப் பதில் போடுவது என்பதில்தான் கதை பிரிகிறது. இதைவிட என்ன விளையாட வேண்டும்?

விமர்சனத்தைத் திருத்தித் தருகிறேன், காசு வேண்டாம் என்று ஆசிரியருக்கு எழுதினேன். "பழைய கட்டுரையை யார் படிக்கப் போகிறார்கள்" என்று ஒரு வரி பதில். அந்த ஆறு மதிப்பெண் இன்னும் என் பெயரோடு அங்கேயே நிற்கிறது.

நீங்கள் தொடருங்கள். கதையில் வரும் இளம் விஞ்ஞானி குரிசு அனுப்பும் மெயில்களுக்குப் பதில் போடாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். உண்மையான முடிவு அவற்றுக்குப் பின்னால்தான் பூட்டியிருக்கிறது, எந்த மெயில் என்று விளையாட்டு சொல்லாது.